தண்ணீர் உள்ளே வந்த வழி

படகை ஏற்றி வந்த லாரி எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் முக்கில் நின்றுவிட்டது. மருந்துக் கடை வேலை முடிந்து நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். மதுரையில் எங்கள் பழங்காநத்தத்தில் லாரி மாட்டிக்கொள்வது புதிதில்லை என்பதால் சுவரோரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன். பிறகுதான் தலையை நிமிர்த்தி மேலே இருப்பது என்னவென்று பார்த்தேன். வைக்கோல் பொதிகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளை பெயின்ட் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அடிவயிறு முழுக்கச் சிப்பிகள். அந்தப் படகில் போய்த்தான் என் கணவர் செத்தார்.

என் மாமனார் லாரிக்கு முன்னால் நின்று, மூங்கில் கழியால் கரன்ட் வயரைத் தூக்கிப் பிடித்து, "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கழி கொஞ்சம் தாழ்ந்தது.

"வீட்டுக்குப் போ தாயி. நான் பின்னாடியே வாரேன்."

வீட்டில் அத்தை கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, உள் அறையில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் அன்று காலையில்தான் தெரியுமாம்.

"எமனை வாடகை லாரி வச்சுக் கூட்டியாந்திருக்காரு உங்க மாமா. போயி ஆரத்தி எடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டது வெகுநாள் கழித்துத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவர் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீசியனாக இருந்தார். அவருடன் ஐ.டி.ஐ.யில் படித்த கோரிப்பாளையத்து நண்பரும் அதே கம்பெனிதான். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள். ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதாகிப்போனதால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய ஃபைபர் படகு ஒன்று அங்கே வருடக்கணக்கில் கிடந்தது. பாய்மரப் படகு. இரண்டு பேரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், பாய் தைத்தார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கடலில் ஒரு சுற்று கூட்டிப் போகலாம் என்று திட்டம். கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய மதுரைக்காரர்கள். கடலைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "தண்ணின்னா தண்ணிதான்" என்று சிரித்தார்.

நடந்ததை நண்பர் சொன்ன வரிசையில் சொல்கிறேன். வேறு யாரும் அங்கே இல்லை. இருவரும் வெள்ளோட்டம் போனார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். காற்று ஏறியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். வாளியால் இறைக்க இறைக்க ஏறியது. படகின் அடியில் இரும்புப் பாளம் ஒன்று மீன்துடுப்பு மாதிரி தொங்கும். அதற்குக் கீல் என்று பெயர். அதன் கனம்தான் படகைக் கவிழாமல் நிறுத்துவது. அந்தக் கீல் படகோடு சேரும் மூட்டில் வாய் பிளந்திருந்தது. என் கணவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கட்டியிருந்த கைலியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, அதை வெளியிலிருந்து அடைக்கக் கடலில் இறங்கினார். இரண்டு முறை மூச்சு வாங்க மேலே வந்தார். அடுத்த முறை வரவில்லை.

அரை வயிறு தண்ணீரோடு மிதந்த படகையும் நண்பரையும் மீன்பிடிக்கப் போனவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். என் கணவர் மறுநாள் வேறொரு இடத்தில் கரை ஒதுங்கினார்.

மாமனார் இதை நம்பவில்லை. அவர் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு மதுரைக்கு வந்த குடும்பம். உடலைக் கொண்டுவந்த அன்று, தெருவே கூடியிருந்தபோது, நண்பரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நடுக்கடல்ல எவன்டா கீழ எறங்குவான்? படகு முங்கல. நீ முங்கல. எம்மகன் மட்டும் எப்படிடா முங்குனான்?"

"அப்பா, அவன் அடைக்கத்தான்பா எறங்குனான்..."

"கத கட்டாத. தள்ளிவிட்டுட்டுக் கத கட்டுற."

போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்தார். படகு தன் ஒருவன் கைக்கே வரட்டும் என்று நண்பர் ஏதோ செய்துவிட்டதாக எழுதினார். விசாரித்தார்கள், பல முறை கூப்பிட்டார்கள், ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. நண்பர் எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். மாமனார் பெற்றவர். ஒருவரை நம்பினால் மற்றவரைக் கொன்றது மாதிரி ஆகும். அதனால் யோசிக்காமல் இருக்கப் பழகினேன். உசிலம்பட்டியிலிருந்து என் அப்பா வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று சொன்னேன். உண்மையில் அங்கே போனால் மறுபடி கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

விசாரணை முடிந்து, படகை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் மாமனார் லாரி பிடித்துவிட்டார். எங்கள் வீட்டை ஒட்டி அவருடைய பங்காளியின் காலி மனை கிடந்தது. அதில் கிரேன் வைத்து இறக்கினார்கள். படகு கீலின் மேல் நின்றது. இரண்டு பக்கமும் பனந்துண்டுகளை முட்டுக்கொடுத்து, மணல் மூட்டை அடுக்கிச் சாயாமல் நிறுத்தினார். அப்படி நிறுத்திய பிறகு எங்கள் மாடிச் சுவரை விட உயரமாகத் தெரிந்தது. கடைக்குப் போகிற வழியில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எதுக்கு மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும் தாயி. தானா வந்துச்சா, எவனாச்சும் வழி வச்சு விட்டானான்னு தெரியணும். நட்டுல ஸ்பேனர் பட்டிருந்தா தடம் இருக்கும். இரும்பு பொய் சொல்லாது."

முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். படகு உள்ளே நிரப்பினால், கடலில் எங்கே உள்ளே வந்ததோ அங்கே வெளியே ஒழுகும். அந்த வருடம் மதுரையில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் தெரு முக்கு வரை வரிசையில் நிற்கும். மாமனார் எங்கள் உப்புத் தண்ணீர் போரிலிருந்து ஹோஸ் இழுத்து ஊற்றினாலும், பார்க்கிறவர்களுக்கு உப்பென்ன, நல்ல தண்ணீரென்ன.

"பிள்ளைகளுக்குக் கால் கழுவத் தண்ணியில்ல, இங்க கப்பலுக்குத் தண்ணி காட்டுறாக" என்று எதிர்வீட்டுக்காரி சத்தமாகவே சொன்னாள். மாமனார் காதில் வாங்கவில்லை. குனிந்து கீல் சேரும் மூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மூட்டின் மேல் கனமாகத் தார் பூசியிருந்தது. இழுத்து வந்த பிறகு, துறையில் கட்டிப்போட்டால் முங்கிவிடக் கூடாதென்று அங்கே யாரோ பூசியது. தாரைச் சுரண்டியதும் முன்பக்கம் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. பின்பக்கம் மூட்டு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. கொட்டியிருக்க வேண்டும். ஆனால் அங்கே சும்மா கசிந்தது, ஈரச் சுவர் மாதிரி. மாமனாருக்கு அது புரியவில்லை. மண் அடைத்திருக்கும் என்றார்.

கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் நட்டு எல்லாம் படகுக்குள்ளே, அடித்தளத்துக்கும் கீழே ஒரு குறுகலான பள்ளத்தில் இருந்தன. மாமனாரின் முழங்கால் அங்கே மடங்காது. கூலிக்கு வந்த இருவருக்கும் தோள் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அலமாரியிலிருந்து என் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறினேன்.

அதற்குமுன் நான் அந்தப் படகுக்குள் போனதில்லை. வெயிலில் ஃபைபர் கொதித்தது. அழுகிய பாசியும் பழைய டீசலும் கலந்த வாடை. பலகைகளை எடுத்துவிட்டு மல்லாந்து படுத்தால்தான் கை எட்டும். இங்கேதான் தண்ணீர் ஏறியிருக்கிறது, இங்கே நின்றுதான் இறைத்திருக்கிறார்கள் என்று தோன்றிய உடனே எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து வெளியே தலையை நீட்டினேன்.

"முடியலன்னா விட்டுரு தாயி."

"இல்ல மாமா. ஸ்பேனரக் குடுங்க."

எந்த நட்டும் அசையவில்லை. துரு நட்டையும் போல்ட்டையும் ஒன்றாக்கியிருந்தது. மாமனார் மேலே குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்பேனர் கடித்த தடம் இருக்கிறதா, பளபளப்பு இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா.

"ஒண்ணும் இல்ல மாமா. வருசக்கணக்கா யாரும் தொடல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

அவர் முகம் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. மகனைக் கொன்றவன் கிடைத்துவிடுவான் என்று இரண்டு வருடம் காத்திருந்த முகம். அது இறங்கியதைப் பார்த்தேன். கிடைக்காமல் போனதில் அவருக்கு நிம்மதி இல்லை. வேறொன்றைத் தேட ஆரம்பித்தார்.

நட்டுகளை கேஸ் வைத்துச் சுடவைத்தும், உளியால் பிளந்தும் எடுத்தார்கள். பிறகு லாரி ஜாக்கிகளை வைத்துப் படகைத் தூக்கினார்கள். கீல் தரையில் நின்ற இடத்திலேயே நிற்க, படகு மட்டும் மேலே எழும்ப வேண்டும். கீல் சரிந்தால் ஆளை நசுக்கிவிடும் என்று அதைச் சங்கிலி போட்டு இரண்டு பக்கமும் கட்டியிருந்தார். மூட்டில் மர ஆப்பு வைத்து அடித்தார்கள். பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தத்தோடு அது விட்டது.

பாதி போல்ட்டுகள் படகோடு மேலே போயின, கீலில் அவற்றின் அடித்துண்டுகள்தான் நின்றன. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நட்டு இருக்கும் இடத்தில் கட்டைவிரல் பருமன் இருந்த போல்ட்டுகள், மூட்டு வரும் இடத்தில் பென்சில் பருமனாகத் தேய்ந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளேயிருந்து பார்த்தாலும் தெரியாது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒரு இடத்தில் மட்டும் நுழைந்து தின்றிருக்கிறது. பின்பக்கத்துப் போல்ட்டுகள் எப்போதோ அறுந்துவிட்டன. அறுந்த வாய் கறுத்துப்போயிருந்தது. படகு அந்த வெள்ளைக்காரர் கையில் இருந்தபோதே அறுந்திருக்கும். காற்றில் படகு சாய்ந்தபோது கீல் ஒரு பக்கமாக இழுத்து, மீதி இருந்ததையும் உலுக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். யாரும் எதுவும் செய்யவில்லை.

"இம்புட்டுத்தானா" என்றார் மாமனார், யாரிடமும் இல்லாமல்.

நான் குனிந்து, பின்பக்கத்தில் பிளவு இருந்த இடத்தில் கீலோடு ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டினேன். மண் வரவில்லை. இழுத்தால் நீளமாக வந்தது. கறுப்பாக, வழவழவென்று, மக்கிய கயிறு மாதிரி. இன்னும் இழுத்தேன். துணி. மடித்து மடித்து, கெட்டியாகத் திணித்த துணி. உள்ளே போன பாகத்தில் நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பச்சைக் கட்டம். ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

கைலியை வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டித்தான் கட்டுவார்கள். அந்தக் கைலியை நான்தான் எங்கள் வீட்டு மெஷினில் மூட்டினேன். பச்சை நூல் தீர்ந்திருந்தது, மெஷினில் இருந்த சிவப்பு நூலிலேயே அடித்துவிட்டேன். "டிராபிக் சிக்னல் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அதைத்தான் தூத்துக்குடிக்கு எடுத்துப்போனார்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. மாமனார் ஓடி வந்தார். துணியைப் பார்த்தார், பிளவு இருந்த இடத்தைப் பார்த்தார். விரலை வைத்து அளந்து பார்த்தார். அது விளிம்பிலிருந்து நாலு விரல் ஆழத்துக்குத் திணிக்கப்பட்டிருந்தது. கடல் உள்ளே வரும் வேகத்துக்கு எதிராக அல்ல, அதோடு சேர்ந்து போகும்படி திணித்ததால் தண்ணீரே அதை உள்ளே இறுக்கிவிட்டது. அதனால்தான் நாங்கள் ஊற்றியபோது அங்கே கசிவு மட்டும் இருந்தது. அதனால்தான் படகு முங்கவில்லை.

மாமனார் மணலில் உட்கார்ந்துவிட்டார். கூலிக்கு வந்தவர்கள் என்னவென்று தெரியாமல் நின்றார்கள். துணியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேலையச் சுத்தமாச் செஞ்சிருக்கான்" என்றார். ஃபிட்டர் ஒருவர் இன்னொரு ஃபிட்டரைப் பற்றிச் சொல்வது மாதிரி. அதன்பிறகுதான் அழுதார். மகனுடைய காரியத்தன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. அன்று கோபம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் பாலிதீன் பையில் அந்தத் துணி.

"நீயும் வா தாயி. நான் தனியாப் போனா உள்ள விட மாட்டாக."

கோரிப்பாளையத்தில் இறங்கி, தர்கா தாண்டி ஒரு சந்து. நண்பர் வீட்டு முன்னறையிலேயே மோட்டார் காயில் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் பிரித்துப்போட்ட மிக்ஸிகள், மின்விசிறிகள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. இளைத்துப்போய், தாடி வளர்த்து, வயது கூடித் தெரிந்தார். அவருடைய அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள் வாசலில் வந்து நின்றார்.

மாமனார் பையிலிருந்த துணியை மேசையில், காப்பர் கம்பிச் சுருள்களுக்கு நடுவே வைத்தார்.

நண்பர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க இருந்துச்சு?"

"மூட்டுக்குள்ள. பின்பக்கம்."

"நான் சொன்னேன்ல."

"சொன்னய்யா."

"உங்க வாசல்ல நின்னு சொன்னேன். அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி சொன்னேன். ஸ்டேஷன்ல எத்தன தடவ சொன்னேன்."

"தப்பு எம்மேலதான். பெத்த வயிறு..." என்று மாமனார் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"கையெடுக்காதீங்க, பெரியவரே. எனக்கு அது வேணாம்."

முன்பெல்லாம் அப்பா என்று கூப்பிட்டவர். அந்தப் 'பெரியவரே'யில் மாமனார் ஓர் அடி பின்னால் போனார். நண்பரின் அம்மாதான் பேசினார். கம்பெனியில் வேலை போனதை, பேசி முடித்த பெண் வீட்டார் கேஸ் இருக்கிற பையன் வேண்டாம் என்று விலகியதை, மகனைப் பெற்ற அத்தா அந்தக் கவலையிலேயே மௌத்தாகிக் கண்ணை மூடியதை. திட்டவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார், அவ்வளவுதான். மாமனார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"போதும்மா" என்றார் நண்பர். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு என்னைய யாரும் சொல்ல விடல."

நான் தலையசைத்தேன்.

"கயித்தோட முன எங்கையிலதான் இருந்துச்சு. ஒரு இழு இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம். அப்படிப் பேசிக்கிட்டுத்தான் எறங்குனான். தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஒத்தக் கையால எறைக்க முடியல. கயித்தக் கால்ல மிதிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் எறைச்சேன். எப்ப இழுத்தான்னு எனக்குத் தெரியல. தண்ணி ஏறுறது நின்ன மாதிரி இருந்துச்சு. மாப்ள அடைச்சுட்டான்டான்னு கத்துனேன். கயித்தப் பாத்தா கால்ல இல்ல."

மேசையில் இருந்த கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து மறுபடி வைத்தார்.

"கயித்த விட்டுட்டயேடான்னு நீங்க கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லி உங்க கால்லயே விழுந்திருப்பேன். அதத்தான் சொல்லத் தெரியாம நின்னேன். நீங்க தள்ளிவிட்டேன்னு சொன்னீக. தள்ளலன்னு சொல்றதுக்கே எனக்கு ரெண்டு வருசம் சரியாப் போச்சு."

 சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. நண்பரின் அம்மா வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டார். அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் வந்தது. கயிறு நழுவியதுதான் என் வாழ்க்கையே நழுவியது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த இடத்தில் படுத்து மேலே பார்த்தவள் நான். அந்தப் பள்ளத்தில் ஒரு ஆள் நின்றால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியும்.  துணியை எடுக்கக் கை நீட்டினேன். "பாதிய எனக்குக் குடுங்க" என்றார் அவர். மேசைமேல் இருந்த கத்திரியால் நானே வெட்டிக் கொடுத்தேன்.

மாமனார் படகை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. தெரிந்த லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் புதுப் போல்ட்டுகள் கடைந்து வாங்கினார். கீலின் மேல்முகத்தைத் துரு போக அரைத்தார். மூட்டு சேரும் இரண்டு பக்கமும் ரெசின் என்ற பசையைப் பூசி, காய்வதற்குள் ஜாக்கியைத் தளர்த்திப் படகை மெல்ல மெல்ல இறக்கினார். மறுபடி நான்தான் உள்ளே போனேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கச் சொன்னார். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும். முடுக்க முடுக்க வெளியே மூட்டு முழுக்க ரெசின் பிதுங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "விக்கணும். வாங்குறவன் வீட்டுல எழவு விழக் கூடாது" என்றார்.

தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டு வரவில்லை. அந்தத் தண்ணீரை வீணாக்காமல் எதிர்வீட்டுக்காரி உட்பட நாலைந்து பேர் துணி துவைக்க இறைத்துக்கொண்டு போனார்கள்.

வாங்க ஒருவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தார். தட்டிப் பார்த்தார், ஏறிப் பார்த்தார், பிடித்திருந்தது. மாமனார் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்தது முழுவதையும் சொன்னார். போல்ட் தேய்ந்தது, மகன் இறங்கியது, துணி எல்லாம். சொல்லாமல் விற்க முடியாது என்று எனக்கும் தெரியும். வந்தவர் டீயைப் பாதியில் வைத்தார்.

"சாவு விழுந்த படகு வேணாம்ணே. மனசுக்கு ஒப்பல."

அதன்பிறகு வந்த ஒன்றிரண்டு பேரிடமும் அதே கதை, அதே பதில். படகு அங்கேயே நின்றது. மழைக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினோம். பிறகு பங்காளி மனையை விற்றார். வாங்கியவர் வீடு கட்ட இடத்தைக் காலி செய்யச் சொன்னார். பழைய இரும்புக்காரர்கள் மெஷின் ரம்பத்தோடு வந்து படகைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். ஃபைபர் தூசி எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் படிந்து ஒரு வாரம் கை அரித்தது. மாமனார் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அதன்பிறகு அவருக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. படுக்கையில் விழுந்து, அதிக நாள் இழுக்காமல் போய்விட்டார்.

நண்பர் அதற்கு வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. தெருவில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எடுத்துப்போனபோது கூட்டத்தோடு மயானம்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். வாசலில் நின்று, என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைய உள்ள வரச் சொல்லு."

அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அத்தை சுவரில் சாய்ந்திருந்தார். படகு வந்த நாளுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், ஒரு வார்த்தை கேட்காதவர்.

"மொதல்ல இருந்து சொல்லுய்யா. காலைல என்ன சாப்பிட்டுக் கிளம்புனீக, அதுல இருந்து சொல்லு."

அவர் சொன்னார். முந்தைய நாள் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டதிலிருந்து, பாய் ஏற்றியதும் என் கணவர் விசில் அடித்ததிலிருந்து, எல்லாவற்றையும். கயிற்றின் கதை வந்தபோது தரையைப் பார்த்தார். ஆனாலும் அதையும் விடாமல் சொன்னார்.  முடிந்த பிறகு அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

"எறங்கும்போது பயந்தானா?"

 நண்பர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் எறங்குனான்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு அவருக்குச் சாப்பாடு போடச் சொன்னார். இழவு வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறுதான் இருந்தது. அதைத் தட்டில் போட்டு வைத்தேன். அவர் சொன்னது உண்மையா என்று நான் இதுவரை கேட்கவில்லை.